பிழைக்க வைத்த குழந்தைகளை மருத்துவமனை வாசலோடு விட்டுவிடாதீர்கள்: மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவராகிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கும், சங்கத்தின் உறுப்பினர்களாகிய மருத்துவ, சுகாதாரத் துறை அலுவலர்களுக்கும்,

நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவுக்கு வியாழக்கிழமைதோறும் கண் மருத்துவர் வந்து, குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் பார்த்துவந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதே கையோடு, அப்பிரிவிலிருந்து வீடு திரும்பும் குழந்தைகளைத் தொலைபேசி வழியே பின்தொடர்ந்துவந்த செவிலியர் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டார்; அக்குழந்தைகளுக்கென்று செவ்வாய்க்கிழமைகளில் தனியே நடந்த மறுபரிசோதனையும் பொதுப் புறநோயாளிப் பிரிவோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இந்த மூன்று மாற்றங்களும் தனித்தனி உத்தரவுகளாக வந்ததால், இவை சேர்ந்து என்ன செய்யும் என்பதை எவரும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதை உங்கள் முன் வைப்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

நான் இம்மாவட்டத்தின் மலையடிவார வட்டாரம் ஒன்றில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். பணியில் இருப்பவர்கள் வெளிப்படையாகப் பேச முடியாத சில செய்திகளைப் பேசும் சுதந்திரம் எனக்கு இருப்பதால், இது என் கடமை என்றும் கருதுகிறேன். பணியில் இல்லாவிட்டாலும் குழந்தை பால் குடிக்கவில்லை, உடம்பு மஞ்சளாக இருக்கிறது என்று என் வீட்டுத் திண்ணைக்கு வருபவர்கள் இன்றும் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு குழந்தையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

31 வாரத்தில், 1400 கிராம் எடையோடு பிறந்த ஆண் குழந்தை அது. பிறந்தவுடன் மூச்சுத் திணறல் இருந்ததால் சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் சேர்த்து, மூக்கு வழியே காற்றழுத்தம் கொடுத்து, குழாய் வழியே தாய்ப்பால் ஊட்டி, மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்து காப்பாற்றினார்கள். அந்தப் பிரிவின் மருத்துவர்களும் செவிலியர்களும் செய்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது; இருபது ஆண்டுகளுக்கு முன்பு அதே குழந்தை எங்கள் ஊரில் பிறந்திருந்தால் விடியும்வரை தாங்கியிருக்காது. பிரச்சினை அவர்களுடைய கையை விட்டுக் குழந்தை இறங்கிய பிறகு தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டின் கடைசி வரியில், கண் பரிசோதனைக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவும் என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. என்றைக்குள் போக வேண்டும், போகாவிட்டால் என்ன ஆகும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. குழந்தை கண்ணைத் திறந்து பார்க்கிறது, கண்ணில் சிவப்போ பீளையோ இல்லை, பிறகு எதற்குக் கண் பரிசோதனை என்றுதான் அந்தத் தாய் நினைத்தாள். அவள் நினைத்ததில் தவறு என்ன இருக்கிறது? விழித்திரையில் நடப்பதை வெளியிலிருந்து பார்த்து எந்தத் தாயாலும் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது அவள் என்னிடம் வந்தாள். விளக்கைக் காட்டினால் திரும்புவதில்லை, முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை, குரல் கேட்டால் மட்டும் கையை ஆட்டுகிறான் என்றாள். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். கருவிழிக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. கண் மருத்துவமனையில், இரண்டு கண்ணிலும் விழித்திரை முழுவதும் பிரிந்து ஐந்தாம் நிலைக்குப் போய்விட்டது என்றும், இனி அறுவை சிகிச்சை செய்தாலும் பார்வை கிடைப்பது அரிது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இந்த நோயைப் பற்றி உங்களில் மருத்துவர்களாக இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கோப்பில் கையெழுத்திடுபவர்கள் எல்லோரும் மருத்துவர்கள் இல்லை என்பதாலும், இதைப் படிக்கும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். விழித்திரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் கருவின் நான்காம் மாதம் வாக்கில் வளரத் தொடங்கி, பேறுகாலம் நெருங்கும்போதுதான் விழித்திரையின் ஓரம் வரை போய்ச் சேர்கின்றன. அதற்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. உயிரைக் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜனின் ஏற்ற இறக்கமும், கிருமித் தொற்றும், எடை ஏறாமையும் சேர்ந்தால் நுண்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையைப் பிடித்து இழுத்துப் பிரித்துவிடுகின்றன. ஆர்.ஓ.பி. என்று மருத்துவமனையில் சொல்வது இதைத்தான். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2000 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். 28 வாரத்துக்கு முன் பிறந்தவற்றையும் 1200 கிராமுக்கும் குறைவானவற்றையும் இரண்டு, மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். 34 வாரத்துக்கு மேல் பிறந்து, நோயோடு போராடிய குழந்தைகளையும் மருத்துவர் விருப்பப்படி சேர்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை தேவை என்று கண்டுவிட்டால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் லேசர் சிகிச்சையோ ஊசியோ கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பெரும்பாலான கண்களைக் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாத நிலை சில வாரங்களில் வந்துவிடுகிறது.

இப்போது அந்த 30 நாளை எங்கள் ஊரில் வைத்துப் பாருங்கள். பிரசவத் தீட்டுக் கழியும் முப்பதாம் நாள் வரைக்கும் பச்சைப்பிள்ளையை வீட்டு நிலைப்படி தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் இன்றும் பிடித்திருக்கும் வழக்கம். காற்றுச் சேட்டை, கண்ணேறு என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் எப்படியிருந்தாலும், கிருமி தொற்றாமல் சின்ன உயிரை ஒதுக்கி வைத்துக் காக்கும் நல்ல நோக்கமும் அதில் இருப்பதால், நான் அதை ஒருபோதும் பழித்துப் பேசியதில்லை. ஆனால் விழித்திரையைப் பார்த்தாக வேண்டிய நாட்களும், குழந்தை வெளியே வராத நாட்களும் ஒன்றாகவே வந்து அமைந்துவிடுகின்றன. குழந்தை பிரிவுக்குள் இருக்கும்போதே வியாழக்கிழமை மருத்துவர் வந்து பார்த்துவிட்டால் இந்தச் சிக்கலே எழுவதில்லை. அந்த வருகையை நிறுத்தியதன் மூலம், ஒரு சொல்லில் தீர்ந்துவிடாத வழக்கத்தோடு மோதும் பொறுப்பை, தையல் வலி ஆறாத ஒரு இளம் தாயின் தலையில் நீங்கள் ஏற்றியிருக்கிறீர்கள்.

அந்தப் பரிசோதனை நடந்த விதத்தை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால் அதற்கு என்ன தேவைப்பட்டது என்பதையும் சொல்ல முடியும். மருத்துவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே செவிலியர் குழந்தைகளின் கண்ணில் கண்மணி விரிவதற்கான சொட்டு மருந்தைச் சிறிது இடைவெளி விட்டு விட்டு ஊற்றிவைப்பார். குழந்தையைத் துணியில் சுற்றி, தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, வலி தெரியாதிருக்க நாக்கில் தாய்ப்பால் துளிகளை வைத்து, இமையை விலக்கும் சிறிய கம்பியைப் பொருத்தி, தலையில் மாட்டிய விளக்கோடு மருத்துவர் குனிந்து பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பார்த்ததைப் படம் வரைந்து கேஸ் ஷீட்டில் குறித்து, அடுத்து எந்த வியாழக்கிழமை பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுவார். குழந்தை அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டால், அந்தத் தேதியைத் தன் நோட்டுப் புத்தகத்தில் எடுத்து எழுதிக்கொள்வது பின்தொடர் பணியில் இருந்த செவிலியரின் வேலை.

அந்த நோட்டுப் புத்தகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நீள வாட்டத்தில் கோடு போட்ட சாதாரண நோட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்று தொலைபேசி எண்கள் அதில் இருக்கும்: கணவனுடையது, தாயின் தாயாருடையது, பக்கத்து வீட்டில் ஒருவருடையது. ஏன் மூன்று என்றால், கணவன் கரும்பு வெட்டுக்கோ லாரிக்கோ போயிருந்தால் அவன் எண்ணில் அழைத்து ஒரு பயனும் இல்லை. பெண்ணின் பெயருக்கு எதிரே இரண்டு ஊர்ப் பெயர்கள் இருக்கும். புகுந்த வீட்டு ஊர் ஒன்று, பேறுகாலம் முடிந்து அவள் போய்த் தங்கப்போகும் தாய்வீட்டு ஊர் மற்றொன்று. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அரசு கணினியில் ஏற்றும் பிக்மி பதிவில் ஒரு முகவரி இருக்கும்; குழந்தை மற்ற முகவரியில் இருக்கும். இரண்டு ஊருக்கும் வெவ்வேறு துணை சுகாதார நிலையம், வெவ்வேறு செவிலியர். இவள் அங்கே இருக்கிறாள் என்று இவரும், அங்கேதான் பதிவு என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்க, ஆபத்தில் இருக்கும் குழந்தை இருவர் பட்டியலிலும் இல்லாமல் நடுவில் விழுந்துவிடும். என் பணிக்காலத்தில் இப்படி விழப்போன குழந்தைகளைப் பற்றி, உங்கள் பகுதிக்கு ஒரு பிள்ளை வருகிறது சிஸ்டர், 1600 கிராம், வியாழக்கிழமை கண் பார்க்க வேண்டும் என்று அந்தச் செவிலியர் அழைத்துச் சொன்னதால்தான் நான் போய்ப் பார்க்க முடிந்தது. கணினியில் ஏற்றிய பதிவு எதுவும் எனக்கு அப்படி அழைத்துச் சொன்னதில்லை.

நான் கண்ட குழந்தைக்கு அந்த அழைப்பு வரவில்லை. அந்தத் தாயைப் பின்தொடர்ந்து அழைக்க அன்று அங்கே எவரும் இல்லை.

இது தொடர்பாக நேரிலும் மனு வழியாகவும் கேட்டபோது எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் மூன்று. முதலாவது, வாரத்துக்குச் சில குழந்தைகளைப் பார்ப்பதற்காக ஒரு கண் மருத்துவரின் அரை நாளைச் செலவிட முடியவில்லை என்பது. கண்புரை அறுவைக்குக் காத்திருப்போர் வரிசை நீளமானது என்பதை நான் அறிவேன். ஆனால் கண்புரை அறுவையை அடுத்த மாதம் செய்தாலும் பார்வை திரும்பக் கிடைக்கும்; இந்தக் குழந்தைகளுக்கு அடுத்த மாதம் என்று ஒன்று இல்லை. எண்ணிக்கை குறைவு என்பதும் சரியான கணக்கு ஆகாது. தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் பிறப்புக்கு 13. அதே ஆண்டு நாடு முழுவதற்குமான விகிதம் 28. நாம் பெருமைப்படும் இந்த இடத்துக்கு வந்ததே, முன்பெல்லாம் பிழைக்காத அளவுக்குச் சின்னஞ்சிறிய குழந்தைகளைப் பிழைக்க வைக்கக் கற்றுக்கொண்டதால்தான். எவ்வளவு சின்னக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறோமோ அவ்வளவு கண்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எல்லாக் கருவிகளும் இருக்கின்றன, அங்கேயே போகட்டும் என்பது. எங்கள் ஊரிலிருந்து அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். போகும் வழி மட்டும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போகாமல் காக்க வேண்டும் என்று பிரிவில் அவ்வளவு பாடுபடுகிறோம். அதே குழந்தையைக் கண்ணாடி இல்லாத ஜன்னலோரம் வைத்துக்கொண்டு அந்தத் தாய் அதிகாலைப் பேருந்தில் போக வேண்டும். ஒரு தடவை போனால் முடிவதும் இல்லை. விழித்திரை முழுமையாக வளர்ந்துவிட்டது என்று சொல்லும்வரை வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ போக வேண்டியிருக்கும். உடன் செல்லும் கணவனுக்கோ மாமியாருக்கோ ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் 2011-இல் தொடங்கியபோதே நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு இலவசப் போக்குவரத்தை உரிமையாக்கியது. பின்னர் அது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. நடைமுறையிலோ, குழந்தை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தால் வண்டி வருகிறது, கண் பரிசோதனைக்கு என்றால் அது அவசரம் இல்லை என்ற பதில் வருகிறது. 72 மணி நேரக் கெடு வைத்திருக்கும் ஒரு நோய் அவசரம் இல்லை என்று யார் முடிவு செய்தார்கள் என்பதை நான் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021-இல் தொடங்கிய மாநிலம் இது. அந்தத் திட்டத்தால் எங்கள் ஊரில் எத்தனையோ முதியவர்கள் பயன் அடைகிறார்கள்; அதை மனமாரப் பாராட்டுகிறேன். நடக்கக்கூடிய பெரியவருக்கு மருந்து வீட்டுக்கு வரும்போது, ஒன்றரைக் கிலோக் குழந்தை மட்டும் மருத்துவரைத் தேடி அலைய வேண்டும் என்பது எந்த வகையில் நியாயம்?

மருத்துவர் நேரில் வர இயலாது என்றாலும் வழி இல்லாமல் இல்லை. கர்நாடகத்தில் 2008 முதல் நடந்துவரும் கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவோடு மாவட்ட மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குச் செல்கிறார்கள்; படங்களைப் பெங்களூரில் இருக்கும் நிபுணர் பார்த்து அன்றே முடிவு சொல்கிறார். நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் கருவியும் அதை இயக்குபவரும் வாரத்தில் ஒரு நாள் நம்மிடம் வருவது, அத்தனை தாய்மார்கள் அங்கே போவதைவிட எளிது.

மூன்றாவது காரணம்தான் என்னை மிகவும் வருத்தியது. வீட்டுக்குப் போன குழந்தையைப் பின்தொடர்வது களப்பணியாளர்களின் வேலை, மருத்துவமனையின் வேலை இல்லை என்று சொல்லப்பட்டது. அந்தக் களப்பணியைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் செய்தேன். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கணக்கும் எனக்குத் தெரியும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் மருத்துவத் தம்பதியர் நடத்தும் ‘சர்ச்’ (SEARCH) என்ற தொண்டு அமைப்பு, எழுத்தறிவு குறைந்த கிராமங்களில் பெண்களுக்குப் பயிற்சி அளித்து வீடு வீடாக அனுப்பியே பச்சிளங்குழந்தை இறப்பை 62 விழுக்காடு குறைத்ததை 1999-இல் உலகமே படித்தது. அந்த வீட்டுவழிப் பராமரிப்பிலிருந்துதான் நம் நாட்டின் இன்றைய வருகை முறையும் பிறந்தது. ஆகவே களத்தின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எந்தக் குழந்தை ஆபத்தில் இருக்கிறது என்பது களத்துக்குத் தெரிந்தால் களம் அதைக் காக்கும். தெரிவிக்காமல் விட்டுவிட்டு, காக்கவில்லை என்று களத்தைக் குறை சொல்ல முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனை இணை இயக்குநர் நலப்பணிகளின் கீழ் இருக்கிறது. துணை சுகாதார நிலையச் செவிலியர் பொது சுகாதாரத் துறையின் கீழ் இருக்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வித் துறையைச் சேர்ந்தது. எங்கள் ஊரின் 1400 கிராம் குழந்தை தன் முதல் மாதத்திலேயே இந்த மூன்று துறைகளின் எல்லையையும் கடக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு எல்லையிலும் அதைக் கையோடு கை மாற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஓர் ஆளைத்தான் வேறு வார்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

கண்ணைப் பற்றி மட்டுமே நான் கவலைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனையில் அந்தக் குழந்தைகளின் எடையும் தலைச் சுற்றளவும் குறிக்கப்பட்டன. கழுத்து நிற்கிறதா, கை கால் விறைக்கிறதா என்று பார்க்கப்பட்டது. சந்தேகம் இருந்தால், வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளுக்கும், பல நாள் அமிக்காசின், ஜென்டாமைசின் போன்ற மருந்து ஏறிய குழந்தைகளுக்கும் காது கேட்காமல் போகும் ஆபத்து உண்டு. ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பது அதற்கான கெடு. இப்பிரிவிலிருந்து வரும் குழந்தைகளுக்கு, காதுக்குள் ஒலி அனுப்பி உள்காதின் எதிரொலியைப் பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனை மட்டும் போதாது, நரம்பின் வேலையைக் காட்டும் பெரா சோதனையும் வேண்டும் என்பதைப் பொதுப் புறநோயாளிப் பிரிவின் நெரிசலில், காய்ச்சலும் சளியுமாக வந்த நூறு குழந்தைகளுக்கு நடுவே யார் நினைவில் வைத்திருப்பார்கள்? சளியும் இருமலுமாக இருக்கும் கூட்டத்தில் ஒன்றே முக்கால் கிலோக் குழந்தையை மணிக்கணக்கில் காக்க வைப்பதே ஆபத்து என்பதால்தான் முன்பு தனி நாள் வைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறப்புப் பிரிவுக்குள் போகாமலேயே ஆபத்தில் இருக்கும் குழந்தைகள் உண்டு. 35, 36 வாரத்தில் 2100 கிராமோடு பிறந்து, நன்றாக அழுதது என்பதற்காகத் தாயோடு மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகளைத்தான் சொல்கிறேன். பார்ப்பதற்கு எல்லாக் குழந்தைகளையும் போலவே இருக்கும். உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால் ரேகை முன்பாதியில் மட்டும் லேசாக ஓடி, குதிகால் பக்கம் வழுவழுவென்று இருக்கும். காதுமடலை மடித்துவிட்டால் நிறைமாதக் குழந்தையின் மடல் போல உடனே நிமிராமல் மெதுவாகத்தான் நிமிரும். இந்தக் குழந்தை நான்கு வாய் உறிஞ்சிவிட்டுக் களைத்துத் தூங்கிவிடும். சமத்தாகத் தூங்குகிறது என்று பாட்டி மகிழ்வாள். ஐந்தாம் நாள் மஞ்சள் வயிற்றைத் தாண்டிக் கால் வரை இறங்கியிருக்கும். கையை விட்டுக் கால் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்கும். முன்பு பிரசவ வார்டிலேயே இத்தகைய குழந்தைகளின் சீட்டில் சிவப்பு மையால் குறியிட்டு, பட்டியலைப் பின்தொடர் செவிலியரிடம் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் இப்போது அந்தப் பட்டியலும் நின்றுபோயிருக்கிறது.

தாயின் நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையை அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பின் கதையும் இதுவேதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனேயே அதைத் தொடங்கியதால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 விழுக்காடு குறைந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்ற அளவில் அதைப் பரிந்துரைத்தது. நம் பிரிவில் அதை நன்றாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் அதைத் தொடர விடாமல் செய்வது எது என்றால், மாமனார் நடமாடும் ஒற்றை அறை வீடும், பிள்ளையைத் தொட்டிலில் போடாமல் எந்நேரமும் மேலே போட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற பேச்சும்தான். செவிலியர் தொலைபேசியில் மாமியாரையே அழைத்து, உங்கள் மருமகள் செய்வதுதான் பிள்ளைக்கு மருந்து அம்மா என்று சொன்னால் அந்தப் பேச்சு அடங்கும்.

இவை நடக்கக்கூடும் என்பது முன்கூட்டியே தெரியாது என்று எந்த நிர்வாகமும் இனிச் சொல்ல முடியாது. 1996-இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1250 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தை, கண் பரிசோதனை பற்றிய அறிவுறுத்தல் இல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டு இதே நோயால் பார்வை இழந்தது. குடும்பம் நீதிமன்றப் படியேறியது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மருத்துவக் கவனக்குறைவு என்று உறுதி செய்து, ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தக் குழந்தைக்கு அப்போது 18 வயது நிறைந்திருந்தது. நான் இதை மிரட்டலாக எழுதவில்லை. எங்கள் ஊர்க் குடும்பத்துக்கு நீதிமன்றம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஒரு பரிசோதனையைச் சொல்லாமல் விட்டதற்கே நாட்டின் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கும்போது, நடந்துகொண்டிருந்த பரிசோதனையை நிறுத்தியதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எனவே சங்கத்தின் முன் இக்கோரிக்கைகளை வைக்கிறேன்.

வியாழக்கிழமைக் கண் பரிசோதனையை, சங்கத்தின் அடுத்த கூட்டம் வரை காத்திராமல், வருகிற வாரமே மீண்டும் தொடங்க உத்தரவிட வேண்டும். மருத்துவர் வர இயலாத வாரங்களில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கேமராவும் பணியாளரும் இங்கே வருவதற்கு எழுத்து மூலமான ஏற்பாடு வேண்டும். 34 வாரத்துக்கு முன்பாகவோ 2000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த எந்தக் குழந்தையும், முதல் பரிசோதனை முடிந்தது என்றோ, இன்ன தேதியில் இன்ன இடத்தில் நடக்கும், வண்டி ஏற்பாடு ஆகியிருக்கிறது என்றோ சீட்டில் தமிழில் எழுதப்படாமல் பிரிவை விட்டு வெளியே அனுப்பப்படக் கூடாது. லேசர் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய குழந்தைக்கு, மூச்சுத் திணறும் குழந்தைக்குக் கொடுக்கும் அதே முன்னுரிமையோடு வாகனம் அளிக்க வேண்டும்.

பின்தொடர் செவிலியரை அதே பணியில் மீண்டும் அமர்த்த வேண்டும். அவர் விடுப்பில் போனாலும் பணி நிற்காதபடி இன்னொருவருக்கும் பயிற்சி தர வேண்டும். தாய்வீட்டு முகவரியையும் கட்டாயமாகப் பதிந்து, குழந்தை வீடு திரும்பும் நாளன்றே அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியருக்குத் தொலைபேசியில் தெரிவித்து, அவர் பெற்றுக்கொண்டதைக் குறித்துவைக்கும் நடைமுறையைக் கொண்டுவர வேண்டும். பிரசவ வார்டின் சிவப்புக் குறிப் பட்டியலும் இதில் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனை தனியாக நடக்க வேண்டும். காதுக்கான பெரா சோதனைக்கும் ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கும் அங்கிருந்தே தேதி வாங்கித் தர வேண்டும்.

கண் பரிசோதனை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை அப்பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் ஒவ்வொன்றையும் பெயர்ப் பட்டியல் எடுத்துத் தேடிப் பிடித்து, கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது, ஏனென்றால் அவர்களில் சிலருக்கு இன்னும் நாள் இருக்கக்கூடும். இதற்கு ஆள் போதாது என்றால், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்கள் பலர் ஊதியம் எதிர்பார்க்காமல் வருவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறோம். பட்டியலை மட்டும் எங்களிடம் கொடுங்கள்.

பார்வை இழந்த அந்தக் குழந்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், பராமரிப்பு உதவித்தொகையும், பார்வையற்ற சிசுக்களுக்கான பயிற்சியும் தாய் அலையாமல் கிடைக்கச் செய்ய வேண்டும். இம்மடலில் கேட்டவற்றுள் எவற்றை, எந்தத் தேதிக்குள் செய்யப்போகிறீர்கள் என்பதைச் சங்கம் 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்